ஜமைக்காவிலிருந்து பெரும் தடுப்புப் பவளத்திட்டு வரை: டெரி ஹியூஸின் ஆய்வு தன்னையே மறுக்கிறதா?

ஆழிமுகம் எழுதியது:

பவளத்திட்டுச் சூழலியலில் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக உழைத்துவரும் டெரி ஹியூஸின் முதன்மையான கட்டுரைகளைக் கால வரிசையில் வைத்துப் படித்து வருகிறேன். அவற்றுக்கிடையே ஒரு முரண் தென்படுகிறது. அது மெய்யான முரணா, வெறும் தோற்றமா என்பதை இங்குள்ளவர்களுடன் சேர்ந்து ஆராயவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

டப்ளினில் பிறந்த ஹியூஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில், 1970-களின் இறுதியில், ஜமைக்காவின் வடகரைத் திட்டுகளில் மூழ்கத் தொடங்கினார். அன்று அங்கே கடலடிப் பரப்பில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் படர்ந்திருந்தது. 1993-இல் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. 4 விழுக்காடாக இருந்த பெரும்பாசி 92 விழுக்காட்டை எட்டியிருந்தது. 1994-இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை இந்தச் சரிவின் காரணங்களை அடுக்கடுக்காக விளக்குகிறது. பல பத்தாண்டுகள் நீடித்த மிகை மீன்பிடிப்பால் பாசி தின்னும் மீன்கள் அருகிவிட்டன. அவை செய்த வேலையை ‘டயடீமா’ என்னும் நீள்முள் கடல் முள்ளெலி ஒன்றே தனியாகச் சுமந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பெரும்புயல் காணாத அந்தத் திட்டுகளை 1980-இல் ஆலன் சூறாவளி நொறுக்கியது. அப்போதும் அடுத்த மூன்றாண்டுகளில் இளம்பவளங்கள் மீண்டும் குடியேறத் தொடங்கின. ஆனால் 1983-இல் கரீபியக் கடல் முழுவதும் பரவிய ஒரு தொற்று ஜமைக்காவின் முள்ளெலிகளில் ஏறத்தாழ 99 விழுக்காட்டைக் கொன்றது; மேய்வதற்கு எந்த உயிரும் இல்லாத இடத்தைப் பாசி மூடிக்கொண்டது. மீன்கள் இருந்திருந்தால் முள்ளெலிகளின் அழிவைத் திட்டு தாங்கியிருக்கும் என்பதே அவரது வாதத்தின் மையம். ஆகவே மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்துக என்பது அதிலிருந்து நேராகக் கிடைக்கும் முடிவு.

அதன்பின் 23 ஆண்டுகள் கழித்து, 2017-இல் ‘நேச்சர்’ இதழில் அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை வேறொன்றைச் சொல்கிறது. 2016-இன் கடும் வெப்பத்தில் ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டு வெளிறியபோது (பவளம் தன் உடலுக்குள் வாழும் நுண்பாசியை இழந்து வெண்மையாவதே வெளிறல்), மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்ட பகுதியும் அனுமதிக்கப்பட்ட பகுதியும், தெளிந்த நீரும் கலங்கிய நீரும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கப்பட்டன. உள்ளூர்ப் பாதுகாப்பு கடும் வெப்பத்துக்கு எதிராக மிகச் சிறிய அரணாகவே இருக்கும், அல்லது அரணாகவே இராது என்பது அதன் முடிவு.

ஒரே ஆய்வாளர், ஒரே துறை, ஆனால் அறிவுரைகள் எதிரெதிர்த் திசைகளில் நிற்கின்றன. எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை, அவர் பார்த்த பரப்பின் அளவு மாறியது. ஆனால் இவ்வளவு எளிதாக இதைத் தீர்த்துவிட முடியுமா?

நுண்பாசி எழுதியது:

அளவு மாறியது என்று சொல்லும்போது, தொடக்கத்தில் அது எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஹியூஸின் முதல் ஆய்வுகள் கடலடியில் நிலையாக அடையாளமிட்ட சதுர மீட்டர்களில் நடந்தவை. ஒவ்வோர் ஆண்டும் அதே சதுரத்துக்குத் திரும்பி, மேலிருந்து படமெடுத்து, ஒவ்வொரு பவளக் குடியிருப்பின் எல்லையையும் கையால் வரைந்து, சென்ற ஆண்டின் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்.

இவ்வளவு பாடுபட வேண்டியதற்குக் காரணம் பவளத்தின் இயல்பு. மரத்தின் பருமனைக் கொண்டு வயதை ஓரளவு மதிப்பிடலாம். பவளத்தில் அது நடக்காது. ஒரு குடியிருப்பின் ஒரு பகுதி செத்து மறு பகுதி உயிரோடிருக்கும், ஒன்று மூன்றாகப் பிரியும், பிரிந்தவை மீண்டும் இணையும். உள்ளங்கை அளவுள்ள பவளம் ஐந்து வயதுக் குழந்தையாகவும் இருக்கலாம், ஐம்பது வயதில் தேய்ந்துபோன முதியவராகவும் இருக்கலாம். இதனால் பவளங்களின் எண்ணிக்கை மாற்றத்தை வயதைக் கொண்டு கணிப்பதா, உருவளவைக் கொண்டு கணிப்பதா என்ற கேள்வியே ஒரு பெரிய ஆய்வுப் பொருளானது. 1987-இல் ஜோசப் கானலுடன் சேர்ந்து ஹியூஸ் எழுதிய கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது.

கானலைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் பணியாற்றிய அவர், ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் 1960-களின் தொடக்கத்தில் குறித்த சதுரங்களை முப்பதாண்டுகளுக்கும் மேல் விடாமல் பார்த்துவந்தார். மழைக்காடுகளையும் பவளத்திட்டுகளையும் ஒப்பிட்டு, புயல் போன்றவற்றால் வரும் குலைவு மிகக் குறைவாகவும் இல்லாமல் மிக அதிகமாகவும் இல்லாமல் நடுத்தரமாக இருக்கும் இடங்களில்தான் உயிரினப் பன்மை மிகுந்திருக்கும் என்று 1978-இல் அவர் முன்வைத்த கருதுகோளைச் சூழலியல் மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். ஹியூஸ் அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருந்தவர். ஹெரான் தீவின் முப்பதாண்டுத் தரவுகளை கானல், ஹியூஸ், கார்டன் வாலஸ் ஆகிய மூவரும் சேர்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். ஒரே தீவின் வெவ்வேறு பக்கங்களுக்கு வெவ்வேறு வரலாறு இருந்ததை அது காட்டியது. சூறாவளிக்கு முகங்கொடுத்த பக்கமும் காப்புள்ள பக்கமும் ஒன்றுபோல நடந்துகொள்ளவில்லை.

ஆகவே குலைவுக்கும் மீட்சிக்கும் இடையிலான கால இடைவெளி என்ற ஒரே கேள்விதான் ஜமைக்காவிலும் இருந்தது, 2016-இலும் இருந்தது என்பது என் கருத்து. முரண் என்று நீங்கள் சொல்வது எனக்குத் தொடர்ச்சியாகத்தான் தெரிகிறது.

எதிர்நீச்சல் எழுதியது:

இருவரும் ஹியூஸை ஏற்றுக்கொண்ட இடத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் சற்று வெளியே நின்று இரண்டு ஐயங்களை எழுப்புகிறேன்.

முதலாவது, ஜமைக்கா விளக்கமே அன்றைக்குக் கேள்விக்குள்ளானது. பிரையன் லாபாயிண்ட் என்னும் ஆய்வாளர் 1997-இல், ஜமைக்கா வடகரையின் டிஸ்கவரி பே பகுதிக்கு நிலத்தடி நீர் வழியாக வந்த நைட்ரஜன் போன்ற ஊட்டச்சத்துகள்தான் பாசிப் பெருக்கத்துக்கு முதன்மையான காரணம் என்று வாதிட்டார். ஹியூஸும் பிறரும் 1999-இல் அதற்கு மறுப்பு எழுதினார்கள். இப்படி ஒரு விவாதம் நடந்திருக்கையில், மீன்கள் இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்பதை நிறுவப்பட்ட உண்மைபோல இழையின் தொடக்கத்தில் வைப்பது பொருந்தாது.

இரண்டாவது, பெரும் தடுப்புப் பவளத்திட்டைப் பற்றிய எண்கள். ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு 2012-இல் வெளியான ஆய்வு, 1985-இலிருந்து 2012-க்குள் பவளப் பரப்பு 28 விழுக்காட்டிலிருந்து 13.8 விழுக்காடாகக் குறைந்தது என்று கணக்கிட்டது. அந்த இழப்பில் 48 விழுக்காடு புயல்களாலும், 42 விழுக்காடு பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திரமீனாலும் வந்தவை. வெளிறலின் பங்கு வெறும் 10 விழுக்காடு. அடுத்து, 2016, 2017, 2020, 2022 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் பெருவெளிறல் நடந்தது என்ற செய்தி வந்துகொண்டிருந்தபோதே, அதே நிறுவனம் 2022-இல் வடக்குப் பகுதியில் 36 விழுக்காடும் நடுப்பகுதியில் 33 விழுக்காடும் பவளப் பரப்பு இருப்பதாக அறிவித்தது. அந்த இரு பகுதிகளிலும் 36 ஆண்டுக் கண்காணிப்பில் அதுவே உச்சம். 2016-இல் வான்வழிக் கணக்கெடுப்பின் முடிவுகளைத் தம் மாணவர்களுக்குக் காட்டியபின் எல்லோரும் அழுததாக ஹியூஸ் ட்விட்டரில் எழுதினார். அறிவியலாளர் அழக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அழுகை பரவிய வேகத்தில் திருத்தங்கள் பரவுவதில்லை என்பதே என் குறை.

கீழைக்காற்று எழுதியது:

நண்பர் எதிர்நீச்சலின் முதல் ஐயம் நியாயமானது. லாபாயிண்டின் வாதம் முழுவதும் மடிந்துவிடவில்லை. ஊட்டச்சத்துகளுக்குப் பங்கு உண்டு என்பதை இன்று பலரும் ஏற்கிறார்கள். ஆனால் காலவரிசையைப் பாருங்கள். ஊட்டச்சத்து படிப்படியாகத்தான் கூடும். பாசியோ முள்ளெலிகள் இறந்த உடனேயே எழுந்தது. அதுவும் ஜமைக்காவில் மட்டுமல்லாமல், ஊட்டச்சத்து நிலைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல கரீபியக் கரைகளில் நடந்தது. இந்த ஒத்திசைவை மேய்ச்சல் இழப்பு விளக்குகிறது. 1983-இன் நோய்க்கிருமி எது என்று அன்று யாராலும் கண்டறிய முடியவில்லை. 2022-இல் கரீபியத்தில் டயடீமா மறுபடியும் கூட்டமாக மாண்டபோது, 2023-இல் ஒரு குற்றிழை ஒற்றைச்செல் உயிரியைக் காரணமாக அடையாளம் கண்டார்கள். ஒரு திட்டின் விதி இவ்வளவு சிறிய உயிர் ஒன்றில் தொங்கியிருந்ததென்றால், அதற்கு முன்பே அந்தத் திட்டில் பாசியை மேயும் வேறு உயிர்கள் இல்லாமல் போயிருந்தன என்பதுதானே பொருள்?

இரண்டாவது ஐயத்துக்கு முறையியல் வழியாகவே பதில் சொல்ல வேண்டும். வான்வழிக் கணக்கெடுப்பு உணர்ச்சியில் பிறந்ததல்ல. சிறு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் பறந்து, ஒவ்வொரு திட்டுக்கும் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண் இடுகிறார்கள். வெளிறிய பவளம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவென்றால் சுழியம், 60 விழுக்காட்டுக்கு மேலென்றால் நான்கு. 1998-இலும் 2002-இலும் ரே பெர்கெல்மன்ஸ் என்னும் ஆய்வாளர் பயன்படுத்திய அதே அளவுகோல் இது என்பதால், மூன்று நிகழ்வுகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடிந்தது. 1998-இல் கணக்கெடுத்த திட்டுகளில் 44.7 விழுக்காடும், 2002-இல் 42.4 விழுக்காடும் வெளிறலிலிருந்து தப்பியிருந்தன. 2016-இல் தப்பியவை 8.9 விழுக்காடு மட்டுமே. அந்த ஆண்டு மதிப்பெண் பெற்றவை 1,100-க்கும் மேற்பட்ட திட்டுகள். அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றில் மூழ்குவோர் நீருக்குள் இறங்கி, மேலிருந்து இட்ட மதிப்பெண் சரிதானா என்று சோதித்தார்கள்.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விமானத்திலிருந்து ஆழமற்ற பகுதி மட்டுமே தெரியும். அதைவிட முக்கியமாக, வெளிறல் என்பது இறப்பு அன்று. உடலுக்குள் வாழ்ந்து உணவூட்டிய நுண்பாசியை இழந்த பவளம் வெப்பம் தணிந்தால் மீளக்கூடும். அதனால்தான் எட்டு மாதம் கழித்து அதே திட்டுகளுக்குத் திரும்பி இறப்பைத் தனியே அளந்தார்கள். 2016 மார்ச்சிலிருந்து நவம்பருக்குள் முழுத் திட்டுத்தொடரிலும் ஏறத்தாழ 30 விழுக்காடு பவளமும், வடக்கு மூன்றிலொரு பகுதியில் ஏறத்தாழப் பாதியும் போய்விட்டது என்று 2018-இல் வெளியிட்டது அந்த இரண்டாம் அளவையிலிருந்துதான். அதில் எதிர்பாராத செய்தி ஒன்றும் இருந்தது. பவளங்கள் நுண்பாசியை இழந்து பட்டினியால் மெல்ல இறக்கின்றன என்றே அதுவரை பாடம் சொல்லப்பட்டது. ஆனால் மிகு வெப்பத்தில் பல பவளங்கள் முதல் சில வாரங்களிலேயே, வெளிறி முடிவதற்கு முன்பே, நேரடியாக வெந்து இறந்திருந்தன.

2012-இன் கணக்கைப் பொறுத்தவரை, அது 2016-க்கு முந்தைய உலகத்தின் கணக்கு. அந்த 27 ஆண்டுகளில் பெருவெளிறல் இருமுறைதான் நடந்திருந்தது.

வெண்திட்டு எழுதியது:

நான் இத்துறையில் முதுகலை படிக்கும் மாணவி. இழையைத் திசைதிருப்பாமல் ஒரு கேள்வி: பவளத்தின் வாழ்நாள் பத்தாண்டுகளில் நடக்கிறது, ஆய்வு நிதியோ பெரும்பாலும் மூன்றாண்டுகளில் முடிகிறது. கானலும் ஹியூஸும் முப்பதாண்டுத் தரவை எப்படிக் காத்துவைத்தார்கள்? இன்று தொடங்கும் ஒருவருக்கு அது இயலுமா?

நுண்பாசி எழுதியது:

இயலும், ஆனால் ஒரே தலைப்பில் நிதி கேட்டுக்கொண்டிருந்தால் இயலாது என்பதே நான் கண்டவரை உண்மை. ஒவ்வொரு நிதிக்காலத்துக்கும் புதிய கேள்வியொன்றைச் சொல்லி, அதே சதுரங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும். இளம்பவளக் குடியேற்றம், நோய், புயலுக்குப் பிந்தைய மீட்சி என்று கேள்விகள் மாறலாம், இடம் மாறக்கூடாது. ஹியூஸ் 1990-இல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் ஜமைக்காவின் வரிசை 1993 வரை வந்ததால்தான் 1994-இன் கட்டுரை சாத்தியமானது. 1983-லேயே அவர் வேறு வேலைக்குத் திரும்பியிருந்தால், ஒரு புயல், அதன்பின் ஒரு மீட்சி என்ற நம்பிக்கையான கதைதான் நமக்குக் கிடைத்திருக்கும்.

தனியாளாகச் செய்ய முடியாததை நிறுவனமாகச் செய்வது இன்னொரு வழி. 2005-இல் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டு ஆய்வுச் சிறப்பு மையத்துக்கு அவர் தலைமையேற்றதை அப்படித்தான் பார்க்கிறேன். 2016-இல் வெப்பம் வந்தபோது விமானமும், மூழ்குவோரும், ஆராய்ச்சி நிலையங்களும், பழைய தரவும் ஒரே வாரத்தில் ஒன்றுசேர முடிந்தது அதனால்தான். அத்தகைய கூட்டமைப்பை நிகழ்வு வந்தபின் கட்ட முடியாது. குறிப்பேடுகளையும் மூலப் படங்களையும் பிறர் படிக்கும் வடிவில் காப்பதும் இதில் சேரும். இதை முதல் ஆண்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

ஆழிமுகம் எழுதியது:

இப்போது என் கேள்வியைத் திருத்திக் கேட்கத் தோன்றுகிறது. நுண்பாசி சொன்ன இடைவெளியை ஹியூஸே 2018-இல் அளந்திருக்கிறார். உலகெங்கும் 100 திட்டிடங்களை எடுத்து 1980 முதல் 2016 வரை பார்த்தபோது, கடும் வெளிறல்களுக்கிடையிலான காலம் 1980-களின் தொடக்கத்தில் 25 முதல் 30 ஆண்டுகளாக இருந்தது, இப்போது ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது என்று தெரிந்தது. வேகமாக வளரும் அக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்களே ஓரளவு மீளப் பத்தாண்டு கேட்பவை. மெதுவாக வளரும் பாறைவடிவப் பவளங்களுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால் 1994-இன் அறிவுரையும் 2017-இன் முடிவும் இரு வேறு கட்டங்களைப் பற்றியவை. மேய்ச்சல் மீன்கள், தூய நீர் எல்லாம் அடிபட்ட பிறகு எழுந்திருக்க உதவுபவை. அடியைத் தடுப்பவை அல்ல. ஜமைக்காவில் அடி நின்றுவிட்டது, எழுந்திருக்கத்தான் வழியில்லை. ஆஸ்திரேலியாவில் 2004-இல் கடல் பூங்காவின் மீன்பிடித் தடைப் பரப்பை 4.5 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்தினார்கள். எழுந்திருக்கும் வழியை அப்படித் திறந்துவைத்தும், அடுத்த அடி விழுவதற்குள் எழ நேரம் போதவில்லை. நேரமே இல்லாத இடத்தில் மேய்ச்சலின் பயன் வெளியே தெரியாது என்பதால், மீன்களைக் காப்பது வீண் என்று அந்த 2017 கட்டுரையைப் படிப்பது தவறு என்றே இப்போது கருதுகிறேன்.

எதிர்நீச்சல் எழுதியது:

இந்த விளக்கம் ஏற்கத்தக்கது. ஆனால் 2022-இன் உச்சத்துக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. எழுந்திருக்க நேரமில்லை என்றால், எழுந்தது எப்படி?

கீழைக்காற்று எழுதியது:

எழுந்தது எது என்று கேட்க வேண்டும். பரப்பை அளக்கும் முறையில் படகின் பின்னே பலகையைப் பிடித்து இழுபட்டுச் செல்லும் மூழ்குநர், இரண்டு இரண்டு நிமிடமாக உயிருள்ள கடினப் பவளத்தின் விழுக்காட்டைக் கண்ணால் மதிப்பிடுகிறார். நாற்பதாண்டு ஒப்பீட்டுக்கு இது மிகச் சிறந்த முறை. ஆனால் முந்நூறு வயதுப் பாறைப்பவளத்தையும் ஐந்து வயது மேசைப்பவளத்தையும் அது ஒரே விழுக்காடாக எண்ணும். 2022-இன் ஏற்றத்தைப் பெருமளவு உண்டாக்கியவை அக்ரோபோராக்கள் என்பதை அந்த நிறுவனமே தன் அறிக்கையில் சொன்னது. வேகமாக வளரும் அந்தப் பவளங்கள்தான் அலைக்கும், வெப்பத்துக்கும், முள்முடி நட்சத்திரமீனுக்கும் முதலில் பலியாகின்றன.

2016-இல் நடந்தது வெறும் இழப்பன்று, உருமாற்றம் என்று ஹியூஸ் குழு சொன்னது இதைத்தான். வாரக்கணக்கில் திரண்ட வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டிய திட்டுகளில் கிளைப்பவளங்களும் மேசைப்பவளங்களும் பெருமளவில் போய், உயிரினக் கூட்டமைப்பே வேறாகிவிட்டது. 3,863 திட்டுகளில் 29 விழுக்காட்டுக்கு இது நேர்ந்தது. தொடர்ந்து, 2018-இல் புதிதாகக் குடியேறிய இளம்பவளங்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட 89 விழுக்காடு குறைந்திருந்தது. தாய்ப்பவளங்கள் இறந்தால் குஞ்சுகள் எங்கிருந்து வரும்?

வெண்திட்டு எழுதியது:

அப்படியென்றால் வெப்பம் தாங்கும் பவளங்களை நாமே வளர்த்து நடுவது? பவள ஆய்வாளர்கள் ரூத் கேட்ஸும் மேடலின் வான் ஓப்பனும் முன்வைத்த துணைசெய்யும் படிமலர்ச்சியை, அதாவது பவளங்கள் வெப்பத்துக்குத் தகவமைவதை மனிதர் விரைவுபடுத்தும் முறையைப் படித்தபோது எனக்கு அதில்தான் பணியாற்ற வேண்டும் என்று தோன்றியது. ஹியூஸ் அதைக் கடுமையாக விமர்சிக்கிறாரே?

நுண்பாசி எழுதியது:

கேட்ஸ் 2018-இல் மறைந்தார். அவர் பணியாற்றிய ஹவாய்க் கடல் உயிரியல் நிறுவனத்திலும் ஆஸ்திரேலியாவிலும் அந்த வேலை தொடர்கிறது. அதன் அறிவியல் உறுதியானது: தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தல், பவளத்தோடு வாழும் நுண்பாசியை ஆய்வகத்தில் வெப்பத்துக்குப் பழக்குதல் ஆகியவை பலன் தருகின்றன. ஹியூஸின் எதிர்ப்பு அறிவியலின் மேல் இல்லை, பரப்பின் மேல்தான். பெரும் தடுப்புப் பவளத்திட்டுக் கடல் பூங்காவின் பரப்பு 3,44,400 சதுர கிலோமீட்டர். உலகெங்கும் நடந்த பவள மீட்புத் திட்டங்களோ பெரும்பாலும் சில நூறு சதுர மீட்டர்களைத் தாண்டாதவை. அவற்றில் ஏறத்தாழ 60 விழுக்காடு 18 மாதங்களுக்கும் குறைவாகவே கண்காணிக்கப்பட்டவை என்று 2020-இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. முப்பதாண்டு சதுரங்களைப் பார்த்துப் பழகியவருக்கு 18 மாதம் என்பது தொடக்கம்கூட அன்று. உமிழ்வைக் குறைக்கும் பேச்சிலிருந்து அரசுகள் தப்பிக்க இத்திட்டங்கள் வழிதரும் என்ற அவரது அச்சத்தையும் நான் பகிர்கிறேன். இருந்தாலும் நீங்கள் அந்தத் துறைக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன். நட்ட பவளத்தைப் பத்தாண்டு பின்தொடரும் ஒருவர் அங்கே மிகவும் தேவை.

எதிர்நீச்சல் எழுதியது:

2022-இன் உச்சம் அக்ரோபோராவால் வந்தது என்றால், அடுத்த கடும் வெப்பத்தில் அது சரிய வேண்டும்; அதுவே இந்த விளக்கத்துக்கு நேர்மையான சோதனை. 2024-இல் மறுபடியும் பெருவெளிறல் வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான கண்காணிப்பு அறிக்கையை இப்போது எடுத்துப் பார்த்தேன். ஓராண்டுக்குள் வடக்கில் 39.8 விழுக்காட்டிலிருந்து 30 ஆகவும், நடுவில் 33.2-இலிருந்து 28.6 ஆகவும், தெற்கில் 38.9-இலிருந்து 26.9 ஆகவும் பரப்பு இறங்கியிருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் கண்காணிப்பு தொடங்கியதிலிருந்து ஓராண்டில் பதிவான மிகப் பெரிய வீழ்ச்சி இது. அக்ரோபோராக்களே அதிகம் பாதிக்கப்பட்டதாகவும் அறிக்கை சொல்கிறது.

கீழைக்காற்றின் விளக்கம் சோதனையைக் கடந்தது என்று ஒப்புகிறேன். ஆனால் இந்த வீழ்ச்சிக்குப் பிறகும் மூன்று பகுதிகளின் எண்களும் நீண்டகாலச் சராசரிக்கு அருகிலேயே நிற்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ட்விட்டர் கண்ணீரைப் பற்றிய என் குறை அப்படியேதான் இருக்கிறது. அதைத் தனி இழையாகத் தொடங்கட்டுமா, அல்லது இங்கேயே தொடரலாமா?

ஆழிமுகம் எழுதியது:

தனி இழையாகவே தொடங்குங்கள். லாபாயிண்டின் 1997 கட்டுரையையும் 1999-இன் மறுப்பையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு நானும் வந்து சேர்கிறேன்.